ஒரு லட்சத்து 38 ஆயிரம் கிலோமீட்டர் ஓடின வண்டியை அப்பாவுக்கு வாங்கின கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கி, திருத்தியிருக்கிறோம்.)

இந்த வாரம் கோட் பத்தி, கிளவுட் பத்தி எதுவும் கிடையாது. வண்டி பத்திப் பேசப் போறோம். பழைய வண்டி, அதுவும் நிறைய ஓடின பெட்ரோல் எஸ்யூவி. இதை வாங்கலாமா வேண்டாமான்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. போன வருஷம் நான் ஒண்ணு வாங்கினேன், வ. புதுப்பட்டியில் இருக்கிற எங்க அப்பாவுக்கு. அந்த அனுபவத்தை வெச்சே பேசிடுறேன்.

முதல்ல ஒரு வார்த்தைக் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ஊர்ல மைலேஜ்னா லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும்னு அர்த்தம். அமெரிக்காவில் இருக்கிற என் ஃப்ரெண்ட் கிட்ட "ஹை மைலேஜ் கார்"னு சொன்னா, நிறைய கிலோமீட்டர் ஓடின, கிட்டத்தட்ட களைச்சுப் போன வண்டின்னு அர்த்தம். அவன் ஸ்பீக்கர்ல "ஹை மைலேஜ் எஸ்யூவியா? பார்த்து வாங்குடா"ன்னு சொல்ல, பக்கத்தில் இருந்த எங்க அப்பா "நல்லதுதானப்பா, மைலேஜ் அதிகம்னா?"ன்னு கேட்டார். இன்னைக்கு நாம பேசப் போறது அவன் சொன்ன அர்த்தத்தில்.

ஏன் எஸ்யூவி, ஏன் பெட்ரோல்

வ. புதுப்பட்டி எங்க இருக்குன்னு தெரியாதவங்களுக்கு: விருதுநகர் மாவட்டம், வத்திராயிருப்பு பக்கத்தில், மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரம். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி போறவங்க தாணிப்பாறைக்கு வருவாங்களே, அந்தப் பக்கம்தான். அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கு. ரெண்டு முழங்காலும் தேய்மானம். தாழ்வான காரில் உட்கார்ந்தா எழுந்திருக்க ரெண்டு பேர் கை குடுக்கணும். மாசத்துக்கு ஒரு தடவை அம்மாவைச் செக்கப்புக்கு மதுரைக்குக் கூட்டிட்டுப் போகணும். கிருஷ்ணன்கோவில் வந்து ஹைவே ஏறி, டி. கல்லுப்பட்டி, திருமங்கலம் வழியா. இது போக தோப்பு ரோடு, அது மழை பெஞ்சா ரோடே இல்லை. அதனால சீட் உயரமும், வண்டிக்கு அடியில் இடைவெளியும் வேணும். எஸ்யூவி எங்களுக்குப் பந்தாவுக்காக இல்லை, முட்டிக்காக.

டீசலா பெட்ரோலான்னு ஒரு சின்னக் கணக்கு போட்டேன். மாசம் 400 கிலோமீட்டர். பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 குடுக்குதுன்னு வெச்சா 33 லிட்டர், தோராயமா 3,300 ரூபாய். டீசல் 17 குடுத்தா 23 அரை லிட்டர், 2,200-க்குள்ள. வருஷத்துக்கு 13, 14 ஆயிரம் டீசலில் மிச்சம். ஆனா அதே வயசு, அதே கண்டிஷன் டீசல் வண்டி அதிக விலை சொல்றாங்க. பழைய டீசலில் இன்ஜெக்டரோ டர்போவோ ஒரு தடவை கையை விரிச்சா, ரெண்டு மூணு வருஷ மிச்சம் ஒரே பில்லில் போயிடும். மாசம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுறவருக்கு டீசல் சரி. எங்க அப்பாவுக்கு இல்லை.

பட்ஜெட் 4 லட்சத்து 75 ஆயிரம். அப்பா தேங்காய் வித்துச் சேர்த்த பணம். தோத்தா திரும்பச் சேர்க்கிற வயசு அவருக்கு இல்லை.

இந்த ரேஞ்சில் பெட்ரோல் எஸ்யூவின்னா பெரும்பாலும் மூணு பேர் காதில் விழும். முதல் தலைமுறை கிரெட்டா, டஸ்டர், ஈகோஸ்போர்ட். மூணுமே சென்னையைச் சுற்றிப் பிறந்தது. இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், மறைமலை நகர்.

61,400

முதல்ல ஒரு கார் கன்சல்டிங்கில் ஒரு வண்டி பார்த்தோம். எந்த ஊர், எந்தக் கன்சல்டிங், எந்த மாடல்னு சொல்லலை. இது அந்த ஒருத்தரோட கதை இல்லை. 2016 மாடல், சிங்கிள் ஓனர், மீட்டரில் 61,400 கிலோமீட்டர். விலை 4 லட்சத்து 60 ஆயிரம். பாலீஷ் போட்டு நிலைக்கண்ணாடி மாதிரி நிக்குது. அப்பாவுக்குப் பார்த்ததுமே பிடிச்சுப் போச்சு. நான் பெங்களூரிலிருந்து வந்து சேர்றதுக்குள்ள 10,000 ரூபாய் அட்வான்ஸ் குடுத்துட்டார்.

போய் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கில் பத்து மணி, ரெண்டு மணி இருக்கிற இடத்தில் தோல் வழவழன்னு தேய்ஞ்சிருக்கு. பிரேக் பெடல் ரப்பர் ஒரு ஓரத்தில் மொழுமொழுன்னு ஆயிருக்கு. சீட்டில் ஏறி இறங்குற பக்கம் நுரை அமுங்கியிருக்கு. அறுபதாயிரத்தில் ஒரு வண்டி இப்படி ஆகாது. டயரைப் பார்த்தேன். டயர் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருஷம். 1821-ன்னு இருந்தா 2021-ஆம் வருஷம் 18-வது வாரம் செஞ்சது. இந்த வண்டியில் நாலு டயரும் நாலு வருஷம். அறுபதாயிரத்துக்குள்ள ஒரு வண்டி எத்தனை செட் டயர் சாப்பிடும்?

அப்புறம் ஓபிடி. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு சாக்கெட் இருக்கும். நம்ம நாட்டில் 2013 ஏப்ரலில் இருந்து ஓபிடி ரெண்டாம் கட்டம் கட்டாயம். ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ப்ளூடூத் கருவி வாங்கிச் சொருகினா, வண்டியோட கம்ப்யூட்டர் சொல்றதை போனில் படிக்கலாம். எரர் கோட் ஒண்ணுமே இல்லை. சந்தோஷப்படக் கூடாது, அடுத்த பக்கம் பார்க்கணும். ரெடினெஸ் மானிட்டர்னு ஒண்ணு இருக்கு. கேட்டலிடிக் கன்வெர்ட்டர், ஆக்சிஜன் சென்சார் இதையெல்லாம் வண்டி தானே டெஸ்ட் பண்ணி முடிச்சிருக்கான்னு காட்டும். எரரை அழிச்சா இதுவும் பூஜ்யத்துக்குப் போயிடும். திரும்ப முடிக்க ஒண்ணு ரெண்டு நாள் சரியா ஓட்டணும். இந்த வண்டியில் எல்லாமே "முடியலை"ன்னு காட்டுச்சு. நாம லாக் ஃபைலைத் திறந்து, முந்தின நாள் வரைக்கும் எதுவுமே இல்லைன்னா என்ன நினைப்போம்? பிரச்சனை இல்லைன்னா நினைப்போம்? யாரோ அழிச்சிருக்காங்கன்னுதானே?

கடைசியா வண்டியை அந்தக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போய், காசு கட்டிச் செக் பண்ணச் சொன்னோம். பதிவு நம்பரைப் போட்டதும் அவங்க கம்ப்யூட்டரில் கடைசி என்ட்ரி வந்துச்சு. 2021 மார்ச், 1,18,000 சொச்சம். நாலு வருஷம் கழிச்சு மீட்டர் 61,400.

எப்படி முடியுதுன்னு கேட்பீங்க. பழைய மீட்டரில் பல் சக்கரம் இருக்கும், கழட்டிச் சுத்தணும். இப்ப அது ஒரு சின்ன மெமரி சிப்பில் எழுதின எண், அவ்வளவுதான். அதை மாத்தி எழுதத் தெரிஞ்சவங்க இருக்காங்க. ஆனா அந்த எண் ஒரு இடத்தில் மட்டும் பதிவாகிறதில்லை. சர்வீஸ் ரெக்கார்ட், பழைய பில், ஆயில் மாத்தினவர் ஒட்டின ஸ்டிக்கர், சில வண்டிகளில் வேற கம்ப்யூட்டர் யூனிட்டுகள், கடைசியா பெடல் ரப்பர். எல்லா இடத்திலயும் ஒரே பொய்யை எழுதுறது கஷ்டம்.

கன்சல்டிங்காரர் கிட்டக் கேட்டேன். அவர் கோபப்படலை, மறுக்கவும் இல்லை. "தம்பி, உள்ள மீட்டரோட வெச்சா ஒருத்தரும் கதவைக் கூடத் திறக்க மாட்டாங்க. நீங்க திறந்திருப்பீங்களா?"ன்னார். அட்வான்ஸில் 5,000 திரும்பி வந்துச்சு, 5,000 வரலை. வீட்டுக்கு வர்ற வழியெல்லாம் எனக்கு அந்த 5,000 ரூபாயை விட, அந்தக் கேள்விதான் உறுத்துச்சு.

டீச்சரம்மாவோட நோட்டு

ரெண்டாவது வண்டி மெக்கானிக் அண்ணன் மூலமா வந்துச்சு. ராஜபாளையத்தில் ஒரு ஓய்வு பெற்ற ஆசிரியை. 2015 ஈகோஸ்போர்ட், 1.5 பெட்ரோல், மேனுவல் கியர். மீட்டர் 1,38,000 சொச்சம். விலை 3 லட்சத்து 15 ஆயிரம். அப்பா மீட்டரைப் பார்த்துட்டு என்னை வெளியே கூப்பிட்டார். "ஒண்ணு முப்பத்தெட்டா? ஊர்ல கேட்டா என்னடா சொல்றது?"

அந்தம்மா உள்ளே போய் ஒரு ஜவுளிக்கடைப் பையை எடுத்துட்டு வந்தாங்க. பத்து வருஷ சர்வீஸ் பில். கூடவே ஒரு நோட்டு. ஒவ்வொரு தடவை பெட்ரோல் போட்டதும் தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய். பள்ளிக்கூட வருகைப் பதிவேடு மாதிரி கோடு போட்டு எழுதியிருக்காங்க.

நான் அதை போட்டோ எடுத்து, ராத்திரி உட்கார்ந்து ஸ்ப்ரெட்ஷீட்டில் ஏத்தினேன். ஆரம்பத்தில் லிட்டருக்கு 13 பக்கம், வருஷம் போகப் போக மெதுவா 12 அரை. இஞ்சின் ஆரோக்கியமா வயசாகுதுன்னு அர்த்தம். 2022-இல் ரெண்டு மாசம் திடீர்னு 10-க்கு இறங்கியிருக்கு, அப்புறம் பழைய இடத்துக்கே வந்திருக்கு. பையில் தேடினா அதே மாசத்தில் ஆக்சிஜன் சென்சார் மாத்தின பில். அந்தம்மாவுக்கு ஆக்சிஜன் சென்சார்னா என்னன்னு தெரியாது. "ஏதோ குறையுதேன்னு மெக்கானிக்கிட்டக் காட்டினேன்"னு சொன்னாங்க. நாங்க ஆபீஸில் மானிட்டரிங், அலர்ட்னு லட்சக்கணக்கில் செலவு பண்ற விஷயத்தை, அவங்க நாற்பது பக்க நோட்டில் பண்ணியிருக்காங்க.

கடைசி ஒரு வருஷத்தில் அது இன்னும் கொஞ்சம் இறங்கி 12-ஐ ஒட்டி வந்திருந்துச்சு. இந்த இடத்தில் எத்தனால் பத்திச் சொல்லணும். இப்ப பங்க்கில் வர்ற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கிற ஆற்றல், பெட்ரோலை விட மூணில் ஒரு பங்கு குறைவு. அதனால 10 சதவீதக் கலப்பில் இருந்து 20-க்குப் போனா, லிட்டருக்குக் கிடைக்கிற ஆற்றலே மூணரை சதவீதம் போலக் குறையும். நோட்டில் தெரிஞ்ச இறக்கம் கிட்டத்தட்ட அந்த அளவு. எல்லாத்தையும் எத்தனால் தலையில் கட்ட முடியாது, வண்டிக்கும் வயசாகுது. ஆனா 2023-க்கு முன்னாடி வந்த பெட்ரோல் வண்டி வாங்குறவங்க, பெட்ரோல் போற ரப்பர் ஹோஸ், சீல் இதெல்லாம் விறைச்சிருக்கா, கசியுதான்னு தனியாப் பார்க்கச் சொல்லுங்க. எத்தனால் ஈரத்தை இழுக்கும். வாரக்கணக்கில் நிறுத்தி வைக்கிற வண்டியில் இது முக்கியம்.

என்னென்ன பார்த்தோம்

காலையில் ஆறு மணிக்குப் போனோம், ஸ்டார்ட் பண்ணி வைக்காதீங்கன்னு முன்னாடியே சொல்லிட்டு. குளிர்ந்த இஞ்சின்தான் உண்மை பேசும். முதல் ஸ்டார்ட்டில் சைலன்சரில் நீலப் புகை வந்தா ஆயில் எரியுது. வெள்ளைப் புகை நிக்காம வந்தா கூலன்ட் உள்ளே போகுது, ஹெட் கேஸ்கெட் சந்தேகம். கறுப்புன்னா பெட்ரோல் அதிகம் எரியுது. ஆயில் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்க. காபி நுரை மாதிரி இருந்தா ஆயிலில் தண்ணி கலந்திருக்கு, அப்படியே மூடிட்டு வந்துடுங்க.

அப்புறம் கம்ப்ரெஷன் டெஸ்ட். ஸ்பார்க் பிளக்கைக் கழட்டி, ஒவ்வொரு சிலிண்டரா கேஜ் வெச்சு அழுத்தம் பார்க்கிறது. நாலு சிலிண்டரும் ஒண்ணுக்கொண்ணு பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நிம்மதி. ஒண்ணு மட்டும் விழுந்திருந்தா வால்வோ ரிங்கோ போயிருக்கு. மெக்கானிக் அரை மணி நேரத்தில் பண்ணிடுவார். லட்சத்தைத் தாண்டின வண்டிக்கு இதைச் செய்யாம பணம் குடுக்காதீங்க.

நம்ம பக்கத்துக்கு ஒண்ணு சேர்த்துச் சொல்றேன். 2023 டிசம்பர் வெள்ளம் ஞாபகம் இருக்கா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 94 சென்டிமீட்டருக்கு மேல பெஞ்சது. தூத்துக்குடி, ஸ்ரீவைகுண்டம் பக்கம் எத்தனை வண்டி முங்குச்சு. அதே மாசம் சென்னையில் மிக்ஜாம். அந்த வண்டியெல்லாம் சுத்தமாகி எங்கேயோ வித்துக்கிட்டுத்தான் இருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, உள்ளே சேத்துக்கறை இருக்கும். சீட் அடியில் போல்ட் துருவைப் பாருங்க. ஸ்டெப்னி குழியில் மண் இருக்கான்னு பாருங்க.

அடுத்து டைமிங். இஞ்சினில் பிஸ்டனும் வால்வும் ஒரு தாளத்தில் ஓடணும். அந்தத் தாளத்தைக் கட்டி வைக்கிறது சில வண்டியில் இரும்புச் செயின், சிலதில் ரப்பர் பெல்ட். அந்த முதல் கிரெட்டா 1.6 பெட்ரோலில் செயின். டஸ்டர் 1.6-லயும், நாங்க பார்த்த ஈகோஸ்போர்ட் 1.5-லயும் பெல்ட். பெல்ட் கெட்டதுன்னு சொல்லலை, அதுக்குத் தவணை இருக்குன்னு சொல்றேன். கையேட்டில் கிலோமீட்டரும் போட்டிருக்கும், வருஷமும் போட்டிருக்கும். எது முந்துதோ அது. ஓடும்போது அறுந்தா வால்வு பிஸ்டனில் இடிச்சு, இஞ்சினைப் பிரிக்க வேண்டி வரலாம். டீச்சரம்மா பையில் எல்லா பில்லும் இருந்துச்சு, பெல்ட் பில் மட்டும் இல்லை. ஒரு நல்ல ஃபைல் என்ன பண்ணலைங்கிறதையும் சேர்த்துச் சொல்லும்.

இன்னொரு கேள்வி, ஃபோர்டு வண்டிக்கு ஸ்பேர்ஸ் கிடைக்குமா? 2021 செப்டம்பரில் அவங்க இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தறதா அறிவிச்சாங்க. 2022-இல் மறைமலை நகரில் இருந்து கடைசி ஈகோஸ்போர்ட் வெளியே வந்துச்சு. விலை இறங்கினதுக்கு அதுவும் ஒரு காரணம். தேய்மானச் சாமான்கள் எங்களுக்கு மதுரையில் கிடைச்சுது. பாடி பார்ட்ஸுக்கு அலையணும், காத்திருக்கணும். அந்தப் பொறுமை இல்லாதவங்க வேற வண்டி பாருங்க.

பேப்பர்

எம்பரிவாகன் ஆப்பில் பார்த்தா ஆர்சியில் இன்னும் ஹைப்பாதிகேஷன். அந்தம்மா 2020-லயே லோனைக் கட்டி முடிச்சுட்டாங்க, ஆனா ஆர்சியில் நீக்கலை. நிறைய பேர் பண்ற விஷயம் இது. பாங்க்கில் என்ஓசி வாங்கி, படிவம் 35 குடுத்து நீக்கின பிறகுதான், 29-உம் 30-உம் போட்டுப் பேர் மாத்தினோம். மூணு வாரம் ஆச்சு. அதுவரைக்கும் முழுப் பணம் குடுக்கலை, வண்டியையும் எடுக்கலை.

விக்கிறவங்க இதை நல்லாக் கேட்டுக்கோங்க. 2018-இல் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாச் சொல்லியிருக்கு. வண்டி நாலு கை மாறியிருந்தாலும், ஆர்சியில் யார் பேர் இருக்கோ அவர்தான் ஓனர், விபத்து இழப்பீட்டுக்கு அவர்தான் பொறுப்பு. கையெழுத்துப் போட்ட படிவத்தைப் புரோக்கர் கிட்டக் குடுத்துட்டு மறந்துடாதீங்க. வாங்குறவங்க இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள்ள உங்க பேருக்கு மாத்த எழுதிக் குடுக்கணும். பழைய ஓனரோட நோ கிளெய்ம் போனஸ் உங்களுக்கு வராது. அதனால பிரீமியம் கொஞ்சம் ஏறும். 2023 ஏப்ரலில் இருந்து பழைய வண்டி விக்கிற டீலர்களுக்கு ஆர்டிஓ அங்கீகாரச் சான்று வேணும்னு விதி வந்திருக்கு. கன்சல்டிங்கில் வாங்கினா அதைக் காட்டச் சொல்லுங்க.

2015 வண்டிக்கு ஆர்சி 2030 வரைக்கும். அப்புறம் தகுதி பார்த்து அஞ்சு வருஷம் புதுப்பிக்கலாம். காருக்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600-ல் இருந்து 5,000 ஆயிடுச்சு. டெல்லியில் கொண்டு வந்த மாதிரி பத்து, பதினஞ்சு வருஷத்தில் ஓட்டவே கூடாதுங்கிற தடை நம்ம ஊரில் இல்லை.

மொத்தக் கணக்கு

வாங்கின முதல் மாசம்: டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப் சேர்த்து 14,000. முன்பக்க ஷாக், புஷ், லிங்க் ராட் 17,500. நாலு டயர் 22,000. இஞ்சின் மவுண்ட் 4,500. கூலன்ட் ஹோஸ் வகையறா 5,000. மொத்தம் 63,000. விலையோட சேர்த்து 3 லட்சத்து 78 ஆயிரம். மிச்சம் கிட்டத்தட்ட ஒரு லட்சம் அப்பா கணக்கிலேயே இருக்கு.

இதிலிருந்து ஒரு விதி சொல்றேன். நிறைய ஓடின வண்டி வாங்கினா விலையில் இருபது சதவீதத்தைத் தனியா எடுத்து வெச்சுட்டு வாங்குங்க. அது செலவு ஆகாம இருக்காது. அந்தப் பணம் கையில் இல்லைன்னா, அந்த வண்டி உங்க பட்ஜெட் இல்லை.

61,400 வண்டியை வாங்கியிருந்தா? அதுக்கும் இதே வேலையெல்லாம் வந்திருக்கும். ஆனா எப்ப வரும்னு எங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. மீட்டர் பொய்யில் எனக்குப் பெரிய நஷ்டமாத் தெரியறது இதுதான். மீட்டரை நம்பி, பெல்ட்டுக்கு இன்னும் நாலு வருஷம் இருக்குன்னு நினைச்சுக்கிட்டு அப்பா அம்மாவைக் கூட்டிட்டு மதுரைக்குப் போயிட்டிருப்பார். திருமங்கலம் தாண்டி ஹைவேயில் இஞ்சின் நின்னுருக்கும்.

இப்ப வண்டி 1,44,000 தாண்டிடுச்சு. அப்பா கை குடுக்காமலே ஏறி இறங்குறார். அந்த நோட்டை அந்தம்மா எங்க கிட்டயே குடுத்துட்டாங்க. அடுத்த பக்கத்தில் இருந்து அப்பா எழுதுறார், கையெழுத்துதான் கோழி கிளறின மாதிரி.

போன மாசம் ஊருக்குப் போயிருந்தேன். டீக்கடையில் ஒருத்தர் வண்டியைச் சுத்திப் பார்த்துட்டு, "எவ்வளவு ஓடியிருக்குண்ணே?"ன்னு கேட்டார். அப்பா கண்ணை மூடாம சொன்னார்: "ஒரு எண்பதாயிரம் இருக்கும்."

வீட்டுக்கு வந்து ஏம்ப்பான்னு கேட்டேன். "உள்ளதைச் சொன்னா ஏமாந்துட்டேன்னு சொல்லுவான்டா"ன்னார்.

கன்சல்டிங்காரர் கேட்ட கேள்விக்குப் பதில் அதுதான். உண்மையான எண்ணுக்கு நாம மதிப்புக் குடுக்கிற வரைக்கும், யாராவது அதைக் குறைச்சு எழுதிக்கிட்டேதான் இருப்பாங்க. அதனால அடுத்த தடவை ஒரு வண்டி பார்க்கப் போனா, எவ்வளவு ஓடியிருக்குன்னு கேட்கிறதுக்கு முன்னாடி, பில் இருக்கான்னு கேளுங்க.

உங்க வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோடில் பேசுவோம்.